மீனுக்கு முன்னால் உறை ஊற்றுங்கள்: புதுத் தொட்டியைச் சைக்கிள் செய்வது பற்றி

பாலக்கோட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினாராம். "ரெண்டு நாள் மோட்டார் ஓடட்டும், அப்புறம் மீன் விடுங்க" என்று கடையில் சொல்ல, அப்படியே செய்து ஆறு கோல்டுஃபிஷ் விட்டிருக்கிறார். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. பயந்துபோய்த் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினார். பத்து நாளுக்குள் நாலு மீன் போய்விட்டது. மீதி இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சைக்கிளிங் என்கிறார்களே, அது என்ன, எங்கள் ஊர் போர் தண்ணீரில் அதைச் செய்ய முடியுமா, ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா, எத்தனை நாள் ஆகும் என்பது கேள்வி. ஏழு வயது மகள் வேறு தினமும் "புது மீன் எப்போ வரும்" என்று கேட்கிறாளாம்.

தருமபுரியில் பதினைந்து வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன். முதல் வருடம் நானும் இதே வரிசையில் இதே தப்பைத்தான் செய்தேன், கழுவியது உட்பட. அதனால் நீங்கள் சொன்னதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

முதலில் உயிரோடு இருக்கும் இரண்டு மீனைப் பார்ப்போம், பாடம் அப்புறம். 40 லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப் ஒன்று எடுங்கள். சோப்புப் போட்டுத் துவைத்த டப் வேண்டாம். முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்த தண்ணீரை அதில் நிரப்பி, ஏர் மோட்டாரின் குழாயைப் போட்டு, மீன் இரண்டையும் அதற்கு மாற்றிவிடுங்கள். ஒன்றரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பு எதற்கு என்று கீழே சொல்கிறேன். தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் பாதிக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. கோல்டுஃபிஷ் பட்டினிக்கு அஞ்சாத ஜாதி. எப்போதும் பசிக்கிற மாதிரி கண்ணாடி ஓரம் வந்து நிற்கும், அதை நம்பாதீர்கள். டப்பைத் தரையில் வைப்பதானால் மேலே ஒரு வலை போட்டு வையுங்கள், பூனைக்காக.

இப்போது தொட்டிக்கு வருவோம்.

மீன் விடும் கழிவில் பெரும்பகுதி அமோனியாவாக அதன் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனி அழுகினாலும் அமோனியாதான். ஏரியிலோ ஆற்றிலோ அது கரைந்து போய்விடும். 50 லிட்டர் தண்ணீரில் அது எங்கே போகும்? மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது, அந்தக் கழிவே அதன் செவுளை அரிக்கிறது. இதைத் தடுக்க ஒரு கூட்டம் வேலை செய்ய வேண்டும். ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு கூட்டமும் உங்கள் தொட்டியில் குடியேறிப் பெருகும் வரை காத்திருப்பதற்குத்தான் சைக்கிளிங் என்று பெயர்.

விவசாயக் குடும்பத்துக்காரர்களுக்கு இது புது விஷயமே இல்லை. கோழி எருவைப் பச்சையாகக் கொண்டுபோய்ப் போட்டால் பயிர் கருகும். குழியில் மக்கவிட்டுத்தான் போடுவோம். யூரியா போட்டாலும் மண்ணில் இருக்கிற இதே வகை நுண்ணுயிர்கள்தான் அதை நைட்ரேட் வரைக்கும் கொண்டுபோய் வேருக்குக் கொடுக்கின்றன. வயலில் அவை ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. கடையிலிருந்து வந்த கண்ணாடித் தொட்டியில் ஒன்றுகூட இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

"ரெண்டு நாள் மோட்டார் ஓடட்டும்" என்ற அறிவுரை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது தண்ணீரில் உள்ள குளோரின் பறந்துபோக. அதற்கு இரண்டு நாள் தாராளம். ஆனால் நுண்ணுயிர் வளர அது எந்த வகையிலும் உதவாது. பாலைக் காய்ச்சி ஆற வைத்துவிட்டு, உறை மோர் விடாமல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் தயிரா கிடைக்கும்? மீன் இல்லாத, அமோனியா இல்லாத தண்ணீரில் மோட்டார் ஓடுவது அப்படித்தான். அந்த நுண்ணுயிர்களுக்கு அமோனியாதான் சோறு. சோறு போடாமல் இரண்டு மாதம் ஓடவிட்டாலும் தொட்டி முதல் நாள் இருந்த அதே நிலையில்தான் இருக்கும்.

இன்னொன்று, இவை மெதுவாக வளரும் ஜாதி. சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டித்துவிடும். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மூன்றாம் நாள் உங்கள் தண்ணீர் வெளுத்ததே, அது அந்தச் சாதாரண வேகக்காரர்களின் வேலை. மிச்சத் தீனியைத் தின்று திடீரென்று பெருகியிருக்கின்றன. பார்க்கப் பயமாக இருக்கும், தானாகவே சில நாளில் தெளிந்துவிடும். அப்போது செய்ய வேண்டியது தீனியை நிறுத்துவது, கழுவுவது இல்லை. நீங்கள் கழுவியதில் கொஞ்சநஞ்சம் ஒட்ட ஆரம்பித்த நல்லதும் குழாயடிச் சாக்கடைக்குப் போய்விட்டது.

இந்த நல்ல கூட்டம் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. ஸ்பாஞ்சின் துளைக்குள், கூழாங்கல் மேல், கண்ணாடி மேல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வாழும். அதனால் நண்பர் வீட்டிலிருந்து பழைய தொட்டித் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றுவதில் பலன் இல்லை. ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தால் பலன் உண்டு.

ஒரு சின்ன வரலாறு, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். மண்ணில் இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று 1890 வாக்கில் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் மீன் வளர்ப்புப் புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரியவந்தது. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்துத் தொட்டி ஒன்றின் கூழாங்கல்லிலிருந்து, அமோனியாவைத் தின்னும் ஆர்க்கியா வகை உயிரையே தனியாகப் பிரித்து எடுத்தார்கள். அது பாக்டீரியாவே இல்லை, வேறு குலம். எனக்கு இதில் பிடித்த விஷயம், நாம் பாசி என்று நினைத்துத் தேய்த்து எறிகிற கல்லில் அது உட்கார்ந்திருந்தது என்பதுதான்.

சரி, தண்ணீர். இந்தக் கேள்விக்கு நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பதில் கொஞ்சம் தனி. இங்கே வீட்டுக்கு வீடு மூன்று தண்ணீர் இருக்கிறது: போர் தண்ணீர், ஒகேனக்கல் குடிநீர், ஆர்ஓ. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதே பயத்தில் ஆர்ஓ இயந்திரமும் பல வீட்டில் வந்துவிட்டது. நமக்கு நல்லது மீனுக்கும் நல்லது என்று நினைத்து ஆர்ஓ தண்ணீரில் தொட்டியை நிரப்புகிறவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள்.

காரணம், அமோனியாவை நைட்ரைட்டாக்கும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகள். கணக்குப் போட்டால், 2 பிபிஎம் அமோனியா முழுதும் மாறி முடிய, லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் அளவு காரத்தன்மை செலவாகிறது. பிபிஎம் என்றால் லிட்டருக்கு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ தண்ணீரில் இருப்பதே அவ்வளவுதான், ஓரிரு தவணையில் தீர்ந்துவிடும். அதன் பிறகு பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண், சரியும். ஆறரைக்குக் கீழே போனால் நம் கூட்டம் சோர்ந்துவிடும், ஆறுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ நின்றே போகும். நம் போர் தண்ணீரில் கார்பனேட்டுக்குப் பஞ்சமே இல்லை. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஏடு ஏடாக உரிகிறதே, அது அந்தச் சரக்குதான். குளியலறைக்குச் சனியன், சைக்கிளிங்குக்குப் புதையல்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கடினமான தண்ணீரில் பிஎச் எட்டை ஒட்டி நிற்கும். அமோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும், ஒன்று கடும் விஷம், மற்றது அவ்வளவாக இல்லை. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் விஷ வேஷம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் நூற்றில் ஆறு, ஏழு பங்கு, அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் புதுத் தொட்டியில் தப்பிப் பிழைத்த மீன் இங்கே பிழைக்காதது இதனால்தான். "என் மச்சான் ஊரில் அடுத்த நாளே மீன் விட்டான், ஒண்ணும் ஆகலை" என்பார்கள். மச்சான் ஊர்த் தண்ணீர் வேறு.

பிஎச் பார்ப்பதாக இருந்தால் போரிலிருந்து பிடித்த உடனே பார்க்காதீர்கள். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், அளவு குறைத்துக் காட்டும். ஒரு ராத்திரி பக்கெட்டில் வைத்து, காலையில் பாருங்கள். அதோடு அந்தத் தண்ணீரின் நைட்ரேட்டையும் பார்த்து எழுதிவைத்துவிடுங்கள். விவசாய நிலத்தை ஒட்டிய போர்களில் உரத்தால் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கலாம். அது தெரியாமல், ஐந்தாம் நாள் நைட்ரேட் காட்டுகிறது, சைக்கிள் முடிந்துவிட்டது என்று ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒகேனக்கல் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், குளோரின் மட்டும் பார்க்க வேண்டும். திறந்து வைத்து ஏர் மோட்டார் ஓடவிட்டால் ஒரு நாளில் போய்விடும். அவசரத்துக்கு மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் பிடித்த தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். என் கணக்கில் உங்களுக்குச் சரியானது போரும் ஒகேனக்கலும் பாதிப் பாதி.

அடுத்தது ஃபில்டர். உங்கள் தொட்டியில் ஏர் மோட்டாரும், வாயைத் திறந்து குமிழி விடும் முதலைப் பொம்மையும் மட்டும் இருந்தால் அது ஃபில்டர் கணக்கில் வராது. நுண்ணுயிர் குடியிருக்க வீடு வேண்டும், அந்த வீட்டு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏர் மோட்டாரில் இணைக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். விலை குறைவு, பழுதாக அதில் ஒன்றும் இல்லை. இரண்டடித் தொட்டிக்கு அதைவிட நல்லதை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது சோறு போட வேண்டும். உங்கள் தொட்டி இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால், கல், இடைவெளி எல்லாம் போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் 2 பிபிஎம் அமோனியா வேண்டும். சுத்தமான வழி அமோனியம் குளோரைடு. இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஈயம் பூசுகிறவர் பித்தளைக் குண்டானை நெருப்பில் காயவைத்து, ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் தூவித் துணியால் தேய்ப்பாரே, குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும். அந்த நவச்சாரம்தான் அமோனியம் குளோரைடு. ஆனால் கடைவீதி நவச்சாரத்தில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் கொடுக்கிற கடையில் சுத்தமானதைக் கேட்டு வாங்குங்கள். 6 கிராமை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் 10 மில்லி ஊற்றினால் உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 2 பிபிஎம்.

கிடைக்காவிட்டால் தோலோடு ஒரு பச்சை இறாலைப் பழைய கொசுவலைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். மீன் துண்டும் ஆகும். கிருஷ்ணகிரி கேஆர்பி அணைப் பக்கம் போனால் ஒரு மீன் வாங்கி, தலையில் ஒரு துண்டு தொட்டிக்கு, மீதி வறுவலுக்கு. நாறும், பூஞ்சை பிடிக்கும், அளவும் கைக்கு வராது, ஆனால் வேலை நடக்கும். அமோனியா 2 பிபிஎம் தொட்டதும் எடுத்து எறிந்துவிடுங்கள். யூரியா போடலாமா என்று எங்கள் பக்கம் கட்டாயம் ஒருவர் கேட்பார், வீட்டில் மூட்டையே இருக்கிறது. அது அமோனியாவாக உடைந்த பிறகுதான் டெஸ்டில் தெரியும். தெரியவில்லையே என்று மேலும் மேலும் போடுவோம், ஒரு நாள் மொத்தமாக எகிறும். வேண்டாம். தரை துடைக்கிற அமோனியா திரவமும் வேண்டாம், வாசனையும் சோப்பும் சேர்ந்திருக்கும்.

டெஸ்ட் கிட் இல்லாமல் இதைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தோசை சுடுவது. காகிதப் பட்டைகளில் பெரும்பாலும் அமோனியா டெஸ்ட் இருக்காது, அதனால் சொட்டு மருந்து வகையை வாங்குங்கள். நான் ஏபிஐ என்ற கம்பெனியின் கிட் வைத்திருக்கிறேன். 5 மில்லி தொட்டித் தண்ணீரில் முதல் புட்டியிலிருந்து 8 சொட்டு, இரண்டாவதிலிருந்து 8 சொட்டு, ஐந்து நிமிடம். மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற அமோனியா அதிகம். நைட்ரைட்டுக்கு 5 சொட்டு, வானநீலம் என்றால் இல்லை, கத்தரிப்பூ நிறம் என்றால் நிறைய. நைட்ரேட்டில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். அதன் இரண்டாவது புட்டியில் மருந்து அடியில் கட்டிக்கொள்ளும். சொட்டுவதற்கு முன் அரை நிமிடம் மேசை அதிர ஆட்ட வேண்டும், சொட்டிய பிறகு டெஸ்ட் குழாயை இன்னொரு நிமிடம். ஆட்டாவிட்டால் இல்லாத மாதிரியே காட்டும். விலை உறைக்கத்தான் செய்யும். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

என் பழைய நோட்டில் ஒரு மாசி மாதக் கணக்கு இருக்கிறது, உறை எதுவும், அதாவது பழைய தொட்டி ஸ்பாஞ்ச் எதுவும், விடாமல் தொடங்கிய தொட்டி. முதல் நாள் 2 பிபிஎம் போட்டேன். ஒன்பதாம் நாள் வரை அதே பச்சை, அதே 2. "வேலை செய்யவில்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் 1 ஆனது, நைட்ரைட் குழாய் முதல்முறையாக லேசாக ஊதா காட்டியது. பதினேழாம் நாள் போட்ட அமோனியா மறுநாளே காணோம், ஆனால் நைட்ரைட் கரும் ஊதா. அதற்கப்புறம் இரண்டு வாரம் பக்கம் பக்கமாக "ஊதா, ஊதா, ஊதா" என்றுதான் இருக்கிறது. முப்பத்து நாலாம் நாள் காலை திடீரென்று நீலம். முந்தின நாள் மாலை வரை ஊதாவாக இருந்தது. குறைந்து குறைந்து வரவில்லை, ஒரே ராத்திரியில் விழுந்தது. கிட் கெட்டுப்போய்விட்டதோ என்று இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

அந்த ஊதா வாரங்களில்தான் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். அமோனியா தின்கிறவர்கள் முதலில் வளர்ந்து நைட்ரைட்டைக் கொட்டுகிறார்கள், அதைத் தின்கிறவர்கள் பின்தங்கி வருகிறார்கள். இந்தச் சமயத்தில் தினமும் அமோனியா ஊற்றினால் நைட்ரைட் மலையாகக் குவியும். ஒரு தவணை 2 பிபிஎம் அமோனியா சுமார் 5 பிபிஎம் நைட்ரைட்டாகிறது, அதுவே கிட்டின் நிற அட்டையில் கடைசிக் கட்டம். அதனால் நைட்ரைட் தெரிந்த பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, பாதி அளவு மட்டும் போடுங்கள். அட்டையைத் தாண்டிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், ஒரு பங்கு தொட்டித் தண்ணீரில் நாலு பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து டெஸ்ட் செய்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். ஆர்ஓ இயந்திரத்துக்கு இந்தக் கதையில் இந்த ஒரு வேலைதான். அளவு மீறியிருந்தால் பாதித் தண்ணீரைத் தாராளமாக மாற்றலாம். நம் கூட்டம் ஸ்பாஞ்சில் இருக்கிறது, தண்ணீரோடு போய்விடாது.

சரி, உப்புக் கதை. நைட்ரைட் மீனின் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் சாக்லேட் நிறமாக இருக்கும். தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தும் மூச்சுத் திணறி மேலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பில் உள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசலில் நுழையப் பார்க்கும். குளோரைடு கூட்டமாக நின்றால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. 5 லிட்டருக்கு 1 கிராம் என்பது டப்பில் இருக்கும் உங்கள் மீனுக்குப் போதுமான காவல்.

ஒரு மாதம் என்பதைக் குறைக்க உறை விடலாம். ஆறு மாதத்துக்கு மேல் நோயில்லாமல் ஓடுகிற தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால், அவர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் செருகுங்கள். பத்து, பதினைந்து நாளில் வேலை முடிந்துவிடும். கடைத் தொட்டியிலிருந்து வாங்காதீர்கள், வாரம் வாரம் புது மீன் வந்துபோகிற இடம், வெள்ளைப் புள்ளி நோயும் இலவசமாக வரும். ஏரி மண்ணிலும் இந்த நுண்ணுயிர் இருக்கிறதே என்று ஒரு கைப்பிடி அள்ளி வந்தவர் ஒருவர், மூன்றாம் வாரம் தட்டான் புழுவும் அட்டையும் வளர்த்துக்கொண்டிருந்தார். புட்டியில் வரும் பாக்டீரியா திரவம் சிலது வேலை செய்யும். ஆனால் சித்திரை வெயிலில் லாரியில் வந்து, கடை அலமாரியில் எத்தனை மாதம் நின்றது என்று யாருக்குத் தெரியும்? வாங்கினாலும் டெஸ்ட் கிட் சொல்வதை மட்டும் நம்புங்கள், புட்டி மேல் எழுதியிருப்பதை அல்ல.

தோசை மாவு தருமபுரியில் ராத்திரிக்குள் பொங்கும், மார்கழியில் ஓசூரில் மறுநாள் மதியம் வரை அசையாது. இதுவும் அப்படித்தான். 25 முதல் 30 டிகிரிக்குள் நன்றாக வளரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்காலத்தில் தொடங்குகிறவர்கள் ஹீட்டர் போடட்டும், அல்லது தை கழியட்டும். பாலக்கோட்டில் உங்களுக்கு அது தேவைப்படாது.

மீன் இல்லாத தொட்டியில் ஒரு மாதம் தண்ணீர் நிற்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. டெங்கு சமயத்தில் கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வந்த அம்மா ஒருவர், என் வராந்தாத் தொட்டியைப் பார்த்துவிட்டு "மீனே இல்லை, எதுக்கு சார் தண்ணி?" என்றார். பாக்டீரியா வளர்க்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, டெஸ்ட் குழாயில் தண்ணீர் எடுத்துக் காட்டி, பத்து நிமிடம் விளக்க வேண்டியதாயிற்று. ஸ்பாஞ்ச் ஃபில்டர் மேல்தண்ணீரை அசைத்துக்கொண்டிருந்தால் கொசு முட்டையிடுவது குறையும். இருந்தாலும் மேலே நைலான் வலை போட்டு ஓரத்தைக் கட்டிவிடுங்கள்.

மின்தடையையும் சொல்லிவிடுகிறேன். நம் கூட்டத்துக்கு ஆக்சிஜன் கட்டாயம். பராமரிப்புக்காக ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லாதபோது, என்னுடைய மூடிய டப்பா ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் கரண்ட் வந்ததும் அது தானே ஓடத் தொடங்கி, உள்ளே அழுகியதையெல்லாம் தொட்டிக்குள் துப்பியது. அறை முழுக்க அழுகிய முட்டை வாடை. மறுநாள் காலை ஏழு மோலி மீன் செத்து மிதந்தன. ஸ்பாஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் இந்த ஆபத்து குறைவு. நாலைந்து மணி நேரத்தைத் தாண்டினால் அவ்வப்போது ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அதுவே ஏர் மோட்டார்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ராத்திரி அந்த அமோனியம் குளோரைடு கரைசலில் 10 மில்லி ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி வந்தால் இன்னும் நிம்மதி. அப்புறம் சேர்ந்துபோன நைட்ரேட்டைக் குறைக்க முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு, அன்றைக்கே அல்லது மறுநாளே மீன் விடுங்கள். மீன் வாங்க ஒரு வாரம் ஆகும் என்றால் அதுவரை தினமும் கொஞ்சம் அமோனியா போட்டுக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் வளர்த்த கூட்டம் பட்டினியில் மெலியும்.

என்ன மீன் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கோல்டுஃபிஷ் இரண்டடித் தொட்டிக்கான மீனே இல்லை. நிறையத் தின்னும், நிறையக் கழியும், நல்ல கவனிப்பில் உள்ளங்கையைத் தாண்டி வளரும். ஆறு என்பது எந்தச் சைக்கிளாலும் தாங்க முடியாத கணக்கு. இப்போதைக்கு டப்பிலுள்ள இரண்டையும் தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டியோ சிமென்ட் தொட்டியோ வைத்திருப்பவர் கிடைத்தால் பிறகு கொடுத்துவிடுங்கள். அவை இருக்கும் வரை வேறு மீன் சேர்க்க வேண்டாம். கொடுத்த பிறகு கப்பி, பிளாட்டி, மோலி வாங்குங்கள், நம் கடினத் தண்ணீர் அவற்றுக்கு அம்மா வீடு மாதிரி. முதலில் நாலு, பத்து நாள் கழித்து இன்னும் நாலு. கப்பி மூன்றே மாதத்தில் எண்ணிக்கையை அதுவே பார்த்துக்கொள்ளும், அதனால் ஆணாக மட்டும் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம். சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து கடைக்குச் சரக்கு வந்த அன்றே வாங்காதீர்கள். ராத்திரிப் பயணத்தில் எது தேறும், எது தேறாது என்று கடைத் தொட்டியிலேயே இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தண்ணீர் மாற்றும் நாளில் வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பக்கெட்டில் இரண்டு பிழி பிழிந்து மாட்டிவிடுங்கள். பழுப்பாக இருக்கும், அப்படியேதான் இருக்க வேண்டும். குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். சாயந்திரம் குழாயில் மருந்தை நீங்கள் சொட்டி, மூடி, ஆட்டிவிடுங்கள், அது கையில் படக்கூடாத சரக்கு. ஐந்து நிமிடம் எண்ணுவதும், அட்டையோடு வைத்து நிறம் சொல்வதும் அவள் வேலை. என் மகன் அப்படித்தான் நாலாம் வகுப்பில் ஒரு காலண்டர் முழுக்க ஊதாவாகக் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி வைத்திருந்தான். முதல் நீலக் கட்டத்தைத் தீட்டிவிட்டு என்னை எழுப்பியபோது மணி காலை ஐந்தரை.